ஓர்க்கிட் செடிக்கு ஊதா வெளிச்சம் எதற்கு?

பிறந்தநாளுக்கும் புதுமனை புகுதலுக்கும் ஓர்க்கிட் பூச்சாடி கொண்டுபோவது எங்கள் மக்களிடையே இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பேரங்காடியில் மரக்கறி வாங்கும்போதே அதனையும் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். கொழும்புப் பூக்கடைகளிலும் வண்ணத்தாள் சுற்றிக் கொடுக்கிறார்கள். இரண்டு மூன்று மாதங்கள் அந்தப் பூ வாடாமல் நிற்கும். வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் அதனைப் புகழ்வார்கள். கடைசிப் பூவும் உதிர்ந்த பின்னர் நான்கைந்து தடித்த இலைகளோடு ஒரு செடி எஞ்சும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பொறுத்துப் பார்ப்பார்கள். அது பூக்காது. பிறகு ஒரு நாள் குப்பைக்குப் போய்விடும். "எனக்கு இந்தச் செடிக்குக் கைராசி இல்லை" என்ற தீர்ப்போடு அந்த வழக்கும் முடிந்துவிடும்.

அந்தத் தீர்ப்புத் தவறானது என்பதே எனது கருத்து. பெரும்பாலான வீடுகளில் ஓர்க்கிட் பூக்காமல் போவதற்கு முதற் காரணம் வெளிச்சப் பஞ்சம். வெளிச்சம் என்பது எண்ணிக் கணக்கிடக் கூடிய ஒரு பொருள். அந்தப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்கு அதிகம் செலவில்லாத ஒரு வழியும் இன்று இருக்கிறது. கடைகளில் 'ஸ்ட்ரிப் லைற்' என்று கேட்டு வாங்கும் எல்.ஈ.டி. நாடா விளக்கே அது. ஆனால் அந்த எளிய மருந்தைச் சுற்றி இணையச் சந்தை ஒரு பெரும் புரட்டைக் கட்டி எழுப்பியிருக்கிறது. அந்தப் புரட்டை விசாரிக்காமல் எங்கள் பத்திரிகைகளும் வீட்டுத்தோட்டப் பக்கங்களில் அப்படியே அச்சிட்டு வருகின்றன. ஆகவே இதனை எழுத வேண்டியதாயிற்று. நான் தாவரவியல் படித்தவன் அல்லன். கலைப்பீடத்தில் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். ஆனால் இந்த விடயத்தில் உண்மையைப் பொய்யிலிருந்து பிரிப்பதற்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தாலே போதுமானது.

முதலில் இந்தச் செடி எப்படி எங்கள் மேசைக்கு வந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஓர்க்கிட் என்பது பிரபுக்களின் பித்து. டெவன்ஷயர் கோமகன் தமது சட்ஸ்வேர்த் மாளிகையில் இவற்றுக்கென்றே கண்ணாடி வீடுகளை வைத்திருந்தார். ஆசியக் காடுகளிலும் தென்னமெரிக்கக் காடுகளிலும் ஆட்களை அனுப்பி, மரங்களிலிருந்து பிய்த்தெடுத்துக் கப்பலேற்றினார்கள். வழியிலேயே மடிந்த செடிகள் ஏராளம். விதையிலிருந்து முளைக்க வைப்பதும் பெரும்பாடாக இருந்தது. ஓர்க்கிட் விதை தூசி போன்றது. தன்னோடு உணவு எதனையும் சேமித்துக் கொண்டு வராதது. இயற்கையில் ஒரு வகைப் பூஞ்சணத்தின் உதவி கிடைத்தால் மட்டுமே அது முளைக்கும். 1922 ஆம் ஆண்டில் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சீனி கலந்த ஏகார் கூழில் பூஞ்சணத்தின் உதவியின்றியே அந்த விதைகளை முளைக்க வைக்கலாம் என்று வெளியிட்டார். 1960 ஆம் ஆண்டில் பிரான்ஸைச் சேர்ந்த ஜோர்ஜ் மொரெல், செடியின் வளர்நுனியிலுள்ள பிரியிழையத்தை எடுத்து ஒரே செடியிலிருந்து பல செடிகளை உருவாக்கும் வழியைக் காட்டினார். அதன் பின்னர் இழைய வளர்ப்புக் கூடங்களில் பல்லாயிரக்கணக்கில் ஓர்க்கிட்டுகள் பெருகின. இன்று நெதர்லாந்தும் தாய்வானும் இதனை ஒரு பெருந்தொழிலாகவே நடத்துகின்றன. எங்கள் வீடுகளுக்கு வரும் பலனோப்சிஸ் என்னும் வகை, அநேகமாக அப்படிப்பட்ட ஒரு கூடத்தில் பிறந்து வளர்ந்ததாகவே இருக்கும்.

விலை இறங்கியது நல்லதே. ஆனால் விலையோடு சேர்ந்து மதிப்பும் இறங்கிவிட்டது. ஒழுங்காகப் பராமரித்தால் பல ஆண்டுகள் வாழ்ந்து ஆண்டுதோறும் பூக்கக் கூடிய ஒரு செடியை, நாங்கள் ஒரு பூங்கொத்தைப் போல நடத்துகிறோம். விற்பவர்களுக்கும் அதில் வருத்தமில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு அடுத்த செடி விற்கும் அல்லவா?

இனி வெளிச்சக் கணக்குக்கு வருவோம். பலனோப்சிஸ் ஆசியாவின் வெப்பமண்டலக் காடுகளைச் சேர்ந்தது. மண்ணில் வேரூன்றாமல் மரக்கிளைகளில் தொற்றி வாழும் மேலொட்டித் தாவரம் அது. மேலே இலைக்கூரை இருப்பதால் நேர்வெயில் அதற்குப் பிடிக்காது. ஓர்க்கிட்டுகளுக்குள் குறைந்த வெளிச்சத்தில் பூக்கக் கூடியது என்று பெயர் வாங்கியதும் இதுதான். அந்தக் 'குறைந்த வெளிச்சம்' எவ்வளவு தெரியுமா? வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு 10,000 முதல் 15,000 லக்ஸ். நண்பகல் நேர்வெயில் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ் என்பதால், அதனோடு ஒப்பிட இது குறைவுதான். ஆனால் இரவில் நாங்கள் மின்குமிழ் போட்டு அமர்ந்திருக்கும் வரவேற்பறையின் வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ் மட்டுமே. அந்த அறையின் நடுவில் உள்ள கண்ணாடி மேசையில் செடியை வைத்தால், அதற்கு வேண்டியதில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடைக்காது.

எங்கள் கண் இதனை உணராது. மனிதக் கண் வெளிச்சத்துக்கேற்பத் தன்னை விரித்துச் சுருக்கிக் கொள்ளும் இயல்புடையது. வெயிலிலும் வாசிக்கிறோம், மங்கிய விளக்கடியிலும் வாசிக்கிறோம். இரண்டுக்கும் இடையில் நூறு மடங்கு வித்தியாசம் இருந்தாலும் எங்களுக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. இலைக்கு அந்த வசதி கிடையாது. வருகிற வெளிச்சத்தைக் கொண்டுதான் அது தன் உணவைத் தயாரிக்க வேண்டும். "அறை நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது" என்று நாம் சொல்லிக் கொண்டிருக்கும்போதே செடி பட்டினி கிடக்கிறது. உடனே சாவதில்லை என்பதால் அந்தப் பட்டினி எங்களுக்குத் தெரிவதுமில்லை. இலை கரும்பச்சையாகித் தொய்வதைப் பார்த்து "நல்ல பச்சையாக இருக்கிறது" என்று மகிழ்பவர்களும் உண்டு. உண்மையில் கரும்பச்சை பசியின் அடையாளம். போதிய வெளிச்சம் பெறும் ஓர்க்கிட் இலை சற்று வெளிறிய பச்சையாக இருக்கும். வெளிச்சம் கூடினால் செம்மை படரும்.

புலம்பெயர் நாடுகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. மார்கழி மாதத்தில் கொழும்பில் பகல் பொழுது பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அதே நாட்களில் ரொறன்ரோவில் அது ஏறத்தாழ ஒன்பது மணி நேரம், லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஒஸ்லோவில் ஆறு மணி நேரம் மட்டுமே. அதுவும் முகிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், தொடுவானத்தோடு சாய்ந்த சூரியன். நிலவறை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சூரியனும் இல்லை. யன்னல் ஓரத்தில் வைத்தால் சற்று நன்று. ஆனால் யன்னலிலிருந்து உள்ளே நகர நகர வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். இத்தகைய வீடுகளில் செயற்கை வெளிச்சம் ஆடம்பரம் ஆகாது.

இந்த எண்ணம் புதியதுமல்ல. மேலைநாடுகளில் நிலவறைகளில் ரியூப்லைற்றுகளை வரிசையாகக் கட்டி ஓர்க்கிட் வளர்த்தவர்கள் பல பதின்ம ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தார்கள். எல்.ஈ.டி. வந்ததும் சூடும் செலவும் குறைந்தன. 1962 இல் நிக் ஹொலொன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை உருவாக்கினார். அதன் பின்னர் முப்பது ஆண்டுகளாக நல்ல நீல எல்.ஈ.டி. கைக்கெட்டாமலே இருந்தது. ஜப்பானின் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரும் தனியாக முயன்ற ஷூஜி நகமுராவும் அதனைச் சாதித்தனர். மூவருக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீல எல்.ஈ.டி.யின் மீது மஞ்சள் பொஸ்பர் பூசினால் வெள்ளை வெளிச்சம் வரும். எங்கள் வீட்டு மின்குமிழ்களும் நாடா விளக்குகளும் பெரும்பாலும் இந்த வகைதான்.

இனிப் புரட்டுக்கு வருவோம். இணையத்தில் செடி விளக்கு என்று தேடினால் கண்ணைப் பறிக்கும் ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களில் விளக்குகள் வந்து நிற்கும். "செடிகள் சிவப்பையும் நீலத்தையும் மட்டுமே உண்ணும், மற்ற நிறமெல்லாம் வீண்" என்று விளம்பரம் சொல்லும். இதனை நம்பி வீட்டில் நாலைந்து ஊதா விளக்குகளைக் கட்டிவிட்டு, அயலவர்களின் ஐயப் பார்வைக்கு ஆளாகியிருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

இந்தக் கதைக்கும் ஒரு மூலம் இருக்கிறது. பச்சையத்தை இலையிலிருந்து பிரித்துக் கரைசலாக்கி அளந்தால் அது நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக உறிஞ்சுவதும், பச்சையைப் பெரும்பாலும் விட்டுவிடுவதும் தெரியும். பாடப்புத்தகத்தில் இரண்டு மேடுகளும் நடுவில் ஒரு பள்ளமுமாக வரையப்படும் கோடு அதுவே. விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டது அந்தக் கோட்டைத்தான். ஆனால் ஒரு முழு இலை, கண்ணாடிக் குழாயிலுள்ள கரைசலைப் போல நடந்துகொள்வதில்லை. இலைக்குள் புகுந்த பச்சை ஒளி உள்ளேயே பலமுறை தெறித்துக் கடைசியில் பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடும். 1972 இல் கீத் மக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்களின் இலைகளை வெவ்வேறு அலைநீள ஒளியில் வைத்து ஒளித்தொகுப்பை அளந்து வெளியிட்டார். 400 முதல் 700 நனோமீற்றர் வரையிலான எல்லா நிறங்களும் பயன்படுகின்றன என்பதும், சிவப்பு முந்தி நின்றாலும் பச்சை வீணாகவில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கும் உண்மை இது.

ஊதா விளக்கு முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு அலகு மின்சாரத்துக்கு மிகுதியான ஒளித்துணிக்கைகளைத் தரக்கூடியவை 660 நனோமீற்றர் அளவிலான சிவப்பு எல்.ஈ.டி.கள். ஏக்கர் கணக்கில் கண்ணாடி வீடு வைத்திருப்பவருக்கு அந்தச் சிக்கனம் பெரும் பணம். விண்வெளி நிலையத்தில் கீரை வளர்ப்பதற்காக 2014 இல் நாசா அனுப்பிய 'வெஜி' என்ற கருவியிலும் சிவப்பும் நீலமும் இருந்தன. அவற்றோடு பச்சையையும் அவர்கள் சேர்த்தே அனுப்பினார்கள். ஊதா வெளிச்சத்தில் கீரை கீரை போலத் தெரியாது என்பதை வானில் இருப்பவர்களும் உணர்ந்திருந்தார்கள் போலும். ஆறு பூச்சாடி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு அந்தச் சிக்கனத்தால் மிஞ்சுவது சில்லறை. இழப்பதோ பெரிது. ஊதா வெளிச்சத்தில் இலை வெளிறுவதும் தெரியாது, வேர் அழுகுவதும் தெரியாது, இலையடியில் செதிற்பூச்சி குடியேறுவதும் தெரியாது. செடியைப் பார்க்க முடியாமல் செடி வளர்ப்பதில் என்ன இன்பம்? சாதாரண வெள்ளை எல்.ஈ.டி.யில் நீலமும் இருக்கிறது, பச்சையும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது. அதன் கீழ் ஓர்க்கிட் வளரும், பூக்கும், அழகாகவும் தெரியும்.

இரண்டாவது புரட்டு வாற்றுக் கணக்கில் நடக்கிறது. பெட்டியில் பெரிதாக ஆயிரம் வாற்று என்று அச்சிட்டிருப்பார்கள். அருகில் பொடி எழுத்தில் 'ஈடானது' என்று ஒரு சொல் இருக்கும். எதற்கு ஈடானது, யார் அளந்தார்கள் என்ற விபரம் இராது. சுவரிலிருந்து உண்மையில் அது எடுக்கும் மின்சாரம் நூறு வாற்றைக்கூட எட்டாமல் இருக்கலாம். வெள்ளை நாடா விளக்கு வாங்குபவர் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். ஒரு மீற்றருக்கு எத்தனை வாற்று? ஒரு வாற்றுக்கு எத்தனை லுமென்? இந்த இரண்டும் இல்லாத பெட்டியை வைத்துவிட்டு வந்துவிடலாம். நிறம் மாறும் அலங்கார நாடா, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒட்டும் நாடா ஆகியவற்றையும் இதற்கென்று வாங்க வேண்டாம். அவை திருவிழாவுக்கானவை.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 90 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு தட்டு. அதில் ஐந்தாறு பலனோப்சிஸ் சாடிகளை வைக்கலாம். பரப்பளவு 0.36 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு லுமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். ஆகவே 10,000 லக்ஸ் வேண்டுமானால் 3,600 லுமென் இலைகளின் மேல் விழ வேண்டும். பக்கங்களில் சிதறிப் போவதையும் சேர்த்து 5,000 லுமென் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் கிடைக்கும் 12 வோல்ற் நாடாக்களில், மீற்றருக்கு 60 சில்லுகள் கொண்ட 5050 என்ற வகை மீற்றருக்கு 14.4 வாற்று என்று குறிக்கப்பட்டிருக்கும். அதனை 90 சென்ரிமீற்றர் துண்டுகள் ஐந்தாக வெட்டினால் நாலரை மீற்றர், ஏறத்தாழ 65 வாற்று. வாற்றுக்கு 80 லுமென் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 5,200 லுமென் வந்துவிடும். ஐந்து மீற்றர் கொண்ட ஒரே சுருள் போதும். அதே நீளத்தில் மீற்றருக்கு 4.8 வாற்று மட்டுமே எடுக்கும் மெல்லிய நாடாவை ஒட்டினால், வாற்றுக்கு நூறு லுமென் தந்தாலும் பாதிகூடக் கிடைக்காது. "நானும் எல்.ஈ.டி. போட்டேன், செடி பூக்கவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே தவறவிடுகிறார்கள்.

வேலையைச் செய்யும் முறையிலும் சில கவனங்கள் தேவை. நாடாவின் பின்புறத்திலுள்ள பசையை நம்பி மரப்பலகையில் நேரே ஒட்டக்கூடாது. சூட்டில் பசை இளகி நாடா தொங்கிவிடும். சூடு போக வழியின்றிச் சில்லுகளும் விரைவில் மங்கும். ஒரு அலுமினியத் தகட்டில் ஒட்டி அந்தத் தகட்டைத் தட்டின் அடியில் பொருத்தினால், சூட்டைத் தகடு வாங்கிக் கொள்ளும். நாடாவை ஒரே நீளமாக ஓட விட்டால் மறுமுனையில் வோல்ற்றளவு குறைந்து வெளிச்சம் மங்கும். துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் நேரே மின்வழங்கியோடு சமாந்தரமாக இணைப்பதே முறை. வெட்டுவதற்கான கோடுகள் நாடாவிலேயே இருக்கும். 65 வாற்று நாடாவுக்கு 65 வாற்று மின்வழங்கியை வாங்கி அதன் கழுத்தை நெரிக்க வேண்டாம். 80 அல்லது 100 வாற்று நல்லது. மலிவான இணைப்பிகள் தளர்ந்து சூடாகித் தீப்பற்றும் ஆபத்து உண்டு என்பதால் பற்றவைத்து இணைப்பது பாதுகாப்பானது. 12 வோல்ற் பக்கம் உடலுக்கு ஆபத்தில்லாதது என்று சொல்லலாம். ஆனால் மின்வழங்கியின் மறுபக்கத்தில் இருப்பது 230 வோல்ற். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் இடத்துக்கு எட்டாத உயரத்தில் அதனை வைக்க வேண்டும். அந்த வீட்டில் ட்ரிப் சுவிற்ச் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கைப் போட்டவர்கள் செய்யும் அடுத்த தவறு, அதனை அணைக்க மறப்பது. வெளிச்சம் நல்லதென்றால் இருபத்துநான்கு மணி நேரமும் கொடுக்கலாமே என்று எண்ணுகிறார்கள். பலனோப்சிஸ் பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கும் வகையைச் சேர்ந்தது. மரக்கிளையில் வேர் காய்ந்து தொங்கும் ஒரு செடி, வெயிலில் நீரை இழக்காமல் இருப்பதற்காகக் கற்றுக்கொண்ட சிக்கனம் அது. இரவில் எடுத்துச் சேமித்ததைப் பகல் வெளிச்சத்தில் உணவாக்கும். இரவைப் பறித்தால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். நாளொன்றுக்குப் 12 முதல் 14 மணி நேர வெளிச்சம் போதும். ஒரு நேரக்கட்டுப்பாட்டு சுவிற்ச் அந்த வேலையை எங்களைவிட ஒழுங்காகச் செய்யும்.

வெளிச்சம் மட்டும் பூவைக் கொண்டுவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலனோப்சிஸ் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் 25 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்குக் கீழோ குளிர் வேண்டும். 28 பாகைக்கு மேலே வெப்பம் தொடர்ந்து நின்றால் செடி இலையை வளர்த்துக்கொண்டு சும்மா இருக்கும். கொழும்பு வெக்கையில் பூக்கத் தயங்கும் செடி மலைநாட்டில் எளிதாகப் பூப்பதற்கு இதுவே காரணம். குளிர்நாடுகளில் இருப்பவர்களுக்கு இலையுதிர் காலத்து யன்னலோரமே அந்தக் குளிரைக் கொடுத்துவிடும். அவர்களிடம் இல்லாதது வெளிச்சம் ஒன்றே. நாடா விளக்கு உண்மையில் அவர்களுக்கான பொருள்.

எங்கள் நாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. விறாந்தையும் முற்றத்து மாமரமும் உள்ள வீட்டில் ஓர்க்கிட்டுக்கு மின்விளக்குப் போடுவது, கடலோரத்தில் இருந்துகொண்டு உப்புக்குக் கடன் வாங்குவதைப் போன்றது. கரியும் பொச்சுத் துண்டும் ஓட்டுத் துண்டும் போட்டு, மாமர நிழலில் தொங்கவிட்டால் டென்ட்ரோபியம் தன்பாட்டில் பூக்கும். வண்டா வகைக்கு அதைவிட வெயில் வேண்டும். எந்த நாடா விளக்கும் அதனைத் திருப்திப்படுத்துவது கடினம். மேலே சொன்ன 65 வாற்றுத் தட்டு, மின்வழங்கியில் போகும் இழப்பையும் சேர்த்து, 12 மணி நேரத்தில் ஏறத்தாழ 0.9 அலகு எடுக்கும். மாதத்துக்கு 27 அலகு. அலகு கூடக் கூடக் கட்டணவீதமும் கூடும் எங்கள் நாட்டில் இது சிறிய தொகையல்ல. 2022 இல் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த மக்கள் நாங்கள். வெயிலை இலவசமாக வைத்துக்கொண்டு, அதன் போலியை மின்சாரத்தில் வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். நாலு புறமும் சுவராகிவிட்ட தொடர்மாடி வீட்டுக்காரர்களுக்கு மட்டும் விலக்களிக்கலாம். அவர்களும், குளிர்நாட்டில் இருப்பவர்களும், சற்று விலை கூடினாலும் வாற்றுக்கு 150 லுமென் தரும் விறைப்பான பட்டி விளக்குகளைத் தேடி வாங்குவது நல்லது. அதே 5,000 லுமென் 33 வாற்றில் கிடைத்துவிடும். மாதச் செலவு பாதியாகும்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் விடயம். ஒரு செடி பூத்துவிட்டால் இன்னொன்றில் ஆசை வரும். பேரங்காடிச் செடி அலுத்துப் போய், அரியது, காட்டிலிருந்து வந்தது என்று மனம் போகும். பிரபுக்களின் அந்தப் பழைய பித்து இன்று கைத்தொலைபேசி வழியாக எல்லோருக்கும் தொற்றுகிறது. இலங்கையில் ஏறத்தாழ 190 ஓர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றில் ஐம்பதுக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. வெசாக் காலத்தில் மலர்வதால் சிங்கள மக்கள் 'வெசாக் மல்' என்று அழைக்கும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே அவற்றுள் ஒன்று. ஈரவலயத் தாழ்நிலக் காடுகளில் மரங்களில் தொங்கிக் கொண்டிருந்த அந்தப் பூவை, அழகுக்காகவே பிய்த்துப் பிய்த்து அருகிப் போகச் செய்துவிட்டோம். ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்ஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது. இலங்கை 1979 முதல் அதில் ஓர் உறுப்பு நாடு. இருந்தும் தெருவோரத்தில் காட்டுச் செடிகளைக் கட்டி விற்பவர்களும், வாங்குபவர்களும் இருக்கிறார்கள். விமானப் பயணப் பெட்டியின் துணிகளுக்குள் இரண்டு செடிகளைச் சுருட்டிக் கொண்டு போகலாம் என்று எண்ணும் புலம்பெயர் உறவினர்களும் இருக்கிறார்கள். காட்டு மரத்தில் வளர்ந்த செடி கனடாவின் நிலவறையில் எந்த விளக்கின் கீழ் வைத்தாலும் பிழைப்பது அரிது. அது செத்துப் போவதோடு இங்கே ஒரு மரக்கிளையும் வெறுமையாகும். இழைய வளர்ப்பில் வந்த செடியை மட்டும் வாங்குங்கள். விற்பவர் அதன் பிறப்பைச் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.

எங்கள் பத்திரிகைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுத்தோட்டப் பக்கம்தானே, அரசியல் பக்கம் இல்லையே என்று விற்பனையாளர் கொடுத்த குறிப்பை அப்படியே போட்டுவிடுகிறோம். மந்திரி சொன்ன புள்ளிவிபரத்தைச் சரிபார்க்கும் நாங்கள், ஆயிரம் வாற்று விளக்கின் அடியில் உள்ள பொடி எழுத்தை ஏன் வாசிப்பதில்லை? மந்திரியின் புள்ளிவிபரத்தால் வாசகர் அன்றைக்கே பணத்தை இழப்பதில்லை. இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு அவர் நேரே கடைக்குப் போகிறார்.

வீட்டில் பூக்காத ஓர்க்கிட் ஒன்று இருந்தால் அதனை எறிய வேண்டாம். கைத்தொலைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் இலவசச் செயலிகள் உண்டு. துல்லியம் குறைவென்றாலும் இரண்டாயிரமா பத்தாயிரமா என்பதை அவை காட்டிவிடும். அதனைச் செடியின் இலை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். கைராசியைப் பற்றிய தீர்ப்பை அந்த எண்ணைப் பார்த்த பின்னர் எழுதலாம்.